வீட்டு மீன்குளத்தை வேக்கம் வைத்துச் சுத்தம் செய்வது: கார் வாஷ் கடைக்கு வந்து கேட்கிற கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறேன். இருக்கையில் கொட்டிய மைலோ, மழையில் நனைந்த கால்மிதி, இவற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்க ஓர் ஈர வேக்கம், அதாவது தண்ணீரையும் உறிஞ்சுகிற வேக்கம் கிளீனர், கடையில் உண்டு. தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த நம்மவர்கள் பலர் முன்வாசலில் சின்னதாக ஒரு மீன்குளம் கட்டிவிடுகிறார்கள். நாலு கொய் மீன், ஒரு தாமரைத் தொட்டி, மூலையில் ஒரு பம்ப்பு. ஆறு மாதம் கழித்து அடியில் கறுப்பாகச் சகதி சேர்ந்ததும், "அண்ணே, அந்த வேக்கத்தை ஒரு நாள் தர முடியுமா?" என்று கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். தருகிறேன். ஆனால் தருவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் தரை கூட்டுகிற வேக்கம் இருக்கிறதே, அது ஆகாதா?

ஆகவே ஆகாது. சாதாரண வேக்கத்தில் உள்ளே இழுக்கப்படும் காற்றேதான் மோட்டாரைச் சுற்றி ஓடி அதைக் குளிர வைக்கிறது. அந்தக் காற்றோடு தண்ணீர் போனால் மோட்டாருக்குள் தண்ணீர் போகும். எந்திரம் போவது ஒரு பக்கம், பிடித்திருப்பவருக்கு ஷாக் அடிப்பது இன்னொரு பக்கம். ஈர வேக்கத்தில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனி வழி. உறிஞ்சிய தண்ணீர் கீழே டிரம்மில் விழுந்துவிடும், மோட்டார் மேலே மூடியில் இருக்கும். பெட்டியிலோ எந்திரத்தின் மேலோ ஈரம், உலர்வு இரண்டுக்கும் என்று போட்டிருக்க வேண்டும். அப்படிப் போடாத எதையும் குளத்துப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

ஈர வேக்கமே ஆனாலும் உள்ளே இருக்கும் காகித ஃபில்டரையும் தூசிப் பையையும் முதலில் கழற்றிவிட வேண்டும். ஈரத்துக்கென்று ஒரு ஸ்பாஞ்ச் உறை கொடுத்திருப்பார்கள், அதைத்தான் மாட்ட வேண்டும். காகித ஃபில்டரோடு ஓட்டினால் ஐந்தே நிமிடத்தில் அது கஞ்சியாகிவிடும்.

தண்ணீர் பச்சையாக இருக்கிறது. வேக்கம் போட்டால் தெளியுமா?

தெளியாது. பச்சை நிறம் தண்ணீர் முழுக்க மிதக்கும் நுண்ணிய பாசி. வேக்கம் எடுப்பது அடியில் படிந்த சகதியை. பாசிக்குச் சாப்பாடு அந்தச் சகதியிலிருந்து கரைந்து வருகிறது என்பதால், சகதி குறையக் குறைய பச்சையும் மெல்லக் குறையலாம். ஆனால் இன்று உறிஞ்சி நாளை கண்ணாடி போலத் தண்ணீர் வேண்டுமென்றால் ஏமாற்றம்தான். அதற்கு நிழல் வேண்டும், தண்ணீர்ச் செடி வேண்டும், இல்லையென்றால் ஃபில்டரில் யுவி விளக்கு மாட்ட வேண்டும். எங்கள் பக்கத்து வெயிலில் நிழலில்லாத குளம் பச்சையாகாமல் இருந்தால்தான் அதிசயம்.

எத்தனை டிரம் எடுக்க வேண்டியிருக்கும்?

இதை யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்வது. ஏனென்றால் முதுகு ஒடிவது இங்கேதான்.

முதலில் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 1,500 லிட்டர். ஒரே நாளில் இதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, காரணம் கீழே வருகிறது. அப்படியானால் 500 லிட்டர்.

என்னிடம் இருக்கும் வேக்கத்தில் 20 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அந்த 20 லிட்டர் டிரம்மின் அளவு. உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் ஏறியதும் அது எழும்பிக் காற்று வழியை அடைத்துவிடும். என் எந்திரத்தில் 15 லிட்டர் வந்ததுமே அடைத்துக்கொள்கிறது. ஆக 500 லிட்டருக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நாலு தடவை நிறுத்தி, மூடியைக் கழற்றி, தூக்கி ஊற்றி, மறுபடி மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? குழாய் முனை தண்ணீருக்குள் முழுதாக மூழ்கியிருந்தால் கால் நிமிடம்கூட ஆகாது. உறிஞ்சுவது பதினைந்து வினாடி, தூக்கிக்கொண்டு நடப்பது இரண்டு நிமிடம். வேக்கம் வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் பத்தாவது டிரம்மில் எனக்கு போன் போடுவார்கள்.

அதனால் வேக்கத்தைத் தண்ணீர் இறைக்க வைத்துக்கொள்ளாதீர்கள். இறைப்பதற்கு வேறு வழி இருக்கிறது. வேக்கம் சகதிக்கு மட்டும்.

வேறு வழி என்றால்?

குளம் உயரத்திலும் கால்வாயோ வாழைக்கொல்லையோ பள்ளத்திலும் இருந்தால், சாதாரண ஹோஸ் பைப் போதும். டிரம்மில் இருந்து டீசல் இழுத்ததைத் தோட்டத்தில் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதே வித்தைதான். ஆனால் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், குளத்துத் தண்ணீர் வயிற்றுக்குள் போகிற சரக்கு இல்லை. பைப்பைக் குழாயில் மாட்டி நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைக் குளத்துக்குள்ளும் மறுமுனையைப் பள்ளத்திலும் விட்டு விரலை எடுத்தால் தானாக ஓடும். மின்சாரமும் இல்லை, செலவும் இல்லை. பைப் முனையை ஒரு குச்சியில் கட்டிச் சகதிமேல் மெதுவாக நகர்த்தினால் கொஞ்சம் சகதியையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும். சின்னக் குளத்துக்கு இதுவே போதும் என்று நான் எத்தனையோ பேரை வேக்கம் கொடுக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சமதரை என்றால் அழுக்குத் தண்ணீருக்கான மூழ்கு பம்ப்பு. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அதைக் கம்பி வலைக் கூடைக்குள் வைத்து இறக்குங்கள், இல்லையென்றால் சின்ன மீன் வாய்க்குள் போய்விடும். பம்ப்பால் தண்ணீரைக் குறைத்து, அப்புறம் அடியில் மிச்சமிருக்கும் கூழுக்கு வேக்கம். இந்த வரிசையில் செய்தால் முப்பது டிரம் வேலை ஆறேழு டிரம்மில் முடியும்.

எதற்கும் முன்னால் கைவலையால் இலை, குச்சியை அள்ளிவிடுங்கள். ஓர் இலை குழாய் வளைவில் குறுக்கே மாட்டினால் அதைக் குத்தி எடுக்கவே கால் மணி நேரம்.

என் குளம் ஆழமானது. வேக்கம் இழுக்குமா?

குளம் எவ்வளவு ஆழம் என்பது கணக்கில்லை. நீர்மட்டத்திலிருந்து வேக்கத்தின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வீட்டு ஈர வேக்கங்களின் இழுவை சுமார் 20 கிலோபாஸ்கல். தண்ணீரில் சொன்னால் இரண்டு மீட்டர் உயரம், அதற்கு மேல் ஏறாது. இரண்டு மீட்டரில் நின்றே விடும், ஒரு மீட்டரிலேயே சோர்ந்துவிடும். எந்திரத்தைக் குளத்துக் கரையில், ஆனால் கரை விளிம்பிலிருந்து தள்ளி, தரையில் வையுங்கள். மேசைமேல் தூக்கி வைக்காதீர்கள். நீட்டிய குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இழுவையும் குறையும்.

மீனை வெளியே எடுக்க வேண்டுமா?

மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுப்பதாக இருந்தால் வேண்டாம். வலைக்குப் பயந்து துள்ளி அடிபடுவதைவிட, ஒரு மூலையில் ஒதுங்கி நிற்பதே மீனுக்கு நல்லது. முதல் நாளே தீனியை நிறுத்திவிடுங்கள், வேலை முடிந்த மறுநாளும் போட வேண்டாம். ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள், ரொம்ப முக்கியம். சகதியைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த வாயு வெளியே வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். அது மீனுக்கு விஷம். சகதி கலங்கினால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனும் சட்டென்று குறையும். 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும். குளிர் நாட்டுக் குளத்தில் இருப்பதைவிட நம் மீனுக்கு ஏற்கெனவே மூச்சு குறைவு. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஏர் பம்ப்பை முழுசாகத் திறந்து, அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

மீன்குஞ்சு, தலைப்பிரட்டை இருக்கிற குளமென்றால் குழாய் முனையில் வெங்காயப் பை வலையைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுங்கள். மளிகைக் கடையில் சிவப்பு வலைப் பை சும்மாவே கொடுப்பார்கள். கூழாங்கல் போட்ட குளத்துக்கும் இதே வைத்தியம்தான், கல் உள்ளே போகாது, சகதி போகும்.

வந்ததுதான் வந்தோம், முழுசாகத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விட்டுவிடலாமே?

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் மாட்டிக்கொண்டவன்தான்.

மச்சான் வீட்டுக் குளம். பழைய தோட்டத்துக் கிராணி வீடு, பின்பக்கம் சிமெண்டில் கட்டின தொட்டி, நாலு வருடமாக யாரும் கை வைக்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் நான் போய் மீனையெல்லாம் டப்பில் எடுத்து வைத்து, தண்ணீரை முழுக்க இறைத்து, சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டர் பஞ்சையும் விடவில்லை, கடையில் கார் கழுவும் பிரஷர் ஜெட்டை வைத்தே அடித்தேன். வெள்ளை வெளேரென்று வந்தது. புதுக் குழாய்த் தண்ணீர் விட்டு மீனை விட்டோம். அக்கா போட்டோ எடுத்து வாட்சாப்பில் போட்டது. மூன்றாம் நாள் காலையில் இரண்டு கொய் பக்கவாட்டில் மிதந்தன, அதில் ஒன்று மச்சானின் மகள் பெயர் வைத்து வளர்த்தது. தீபாவளி அன்று அந்தப் பிள்ளை என்னிடம் பேசவில்லை.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அதைச் சாப்பிட்டு நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் சுவரிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. கையால் தடவினால் வழவழவென்று இருக்கிறதே, அந்த வழவழப்பில்தான் அவை குடியிருக்கின்றன. நான் அழுக்கு என்று தேய்த்தது அதைத்தான். குளோரின் கலந்த தண்ணீரை ஜெட்டில் அடித்து மிச்சத்தையும் கொன்றேன். அவை மறுபடி நிலையாக வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே நீந்த வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வருடக்கணக்கில் மாற்றாத தண்ணீர் மெல்ல மெல்லப் புளிப்பேறிப் போயிருக்கும். புளித்த தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் ஆபத்துக் குறைந்த வடிவத்தில் அடங்கிக் கிடக்கும். திடீரென்று புதுத் தண்ணீர் நிறையச் சேர்த்துப் புளிப்பை முறித்தால், அடங்கிக் கிடந்தது விஷமாக எழுந்துவிடும். பல நாள் கவனிக்காத குளத்தில் ஒரே நாளில் பாதித் தண்ணீர் மாற்றுவதுகூட ஆபத்து என்பது இதனால்தான். அப்படிப்பட்ட குளத்துக்கு வாரம் ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு என்று ஒரு மாதம் மாற்றுங்கள், அப்புறம் வேக்கத்துக்கு வாருங்கள்.

ஆக, என்னிடம் வேக்கம் வாங்குகிறவர்களுக்கு மூன்று கட்டளை. சுவரைத் தேய்க்காதே. குளத்தில் கை வைத்த நாளில் ஃபில்டரில் கை வைக்காதே, இரண்டு வாரம் இடைவெளி விடு. ஃபில்டர் பஞ்சைக் கழுவினால் குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் மட்டும் அலசு.

புதுத் தண்ணீரை நேராகக் குழாயிலிருந்து விடலாமா?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைக் குடித்து நமக்கு ஒன்றும் ஆகாது, மீனின் செவுளுக்கு ஆகும். மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கற்கண்டு மாதிரிப் பாக்கெட்டில் விற்பார்கள், அது சோடியம் தயோசல்பேட். பாக்கெட்டில் சொன்ன அளவை ஒரு வாளியில் கரைத்துக் குளத்தில் ஊற்றிவிட்டு, அப்புறம் குழாயைத் திறந்து மெல்லிய ஓட்டமாக விடுங்கள். பெரிய டிரம் இருந்தால் முதல் நாளே தண்ணீரைப் பிடித்து ஏர் கல் போட்டு வைப்பது இன்னும் நல்லது. மழைத் தண்ணீரை மட்டுமே நம்பாதீர்கள், அதில் உப்புச்சத்து இல்லாததால் புளிப்பு சீக்கிரம் ஏறும்.

ஷாக் அடிக்குமா?

அடிக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர், ஈரத் தரை, வெறுங்கால், 230 வோல்ட். இது நாலும் ஒன்று சேருகிற வேலை இது.

மீட்டர் பெட்டிக்குப் போய் இஎல்சிபி சுவிட்சைப் பாருங்கள், மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை வெட்டுகிற சுவிட்ச் அது. அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும். அமுக்கினால் சட்டென்று விழ வேண்டும். விழவில்லையா, அன்றைக்கு வேக்கம் இல்லை, வயர்மேனைக் கூப்பிடுங்கள். விழுந்தாலும் அதில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பழைய வீடுகளில் 100 மில்லி ஆம்பியர் என்று இருக்கும். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் வேண்டும். வெளியே இருக்கும் பிளக் பாயிண்டுக்கு மட்டுமாவது 30 போட்டுக்கொள்வது நல்லது, அது ஒரு வயர்மேனுக்கு அரை நாள் வேலை.

எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பு தரையில் கிடக்கக் கூடாது. நாற்காலிமேல் வையுங்கள். வயர் நாற்காலிக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. ரப்பர் பூட்ஸ் போடுங்கள். எந்திரம் ஓடும்போது கையைக் குளத்துக்குள் விடாதீர்கள். டிரம்மைத் திறப்பதற்கு முன் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கையே பிடுங்குங்கள். குளத்து விளக்கு, பம்ப்பு இருந்தால் அதையும் அந்த நேரத்துக்குப் பிடுங்கிவிடலாம், ஏர் பம்ப்பு மட்டும் ஓடட்டும்.

பூட்ஸுக்கு இன்னொரு காரணமும் உண்டு, எலி. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக உள்ளே போனால் காய்ச்சல் வரும், கவனிக்காவிட்டால் சிறுநீரகத்தை வாங்கிவிடும். கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடித்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், குளத்தில் இறங்கினேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சத்தம் திடீரென்று கீச்சென்று ஏறுகிறது, உறிஞ்சவும் இல்லை. கெட்டுவிட்டதா?

இல்லை. டிரம் நிரம்பி மிதவை அடைத்துக்கொண்டது. அணைத்து, கொட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டிரம் காலியாக இருந்தும் அப்படிக் கத்தினால் குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது.

குழாய் முனையை எப்படிப் பிடிப்பது?

எல்லோரும் தரை கூட்டுவது போல முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். முதல் இழுப்பிலேயே சகதி புகை மாதிரி எழும்பி, அப்புறம் எங்கே உறிஞ்சுகிறோம் என்றே தெரியாது. கலங்கிய தண்ணீரைத்தான் டிரம் டிரம்மாகத் தூக்கிக் கொட்டுவீர்கள்.

முனையைச் சகதிக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்துங்கள். நிறுத்தினால் சகதி தானாக எழும்பி உள்ளே போவது தெரியும், கறுப்பு நூல் மாதிரி. அந்த இடம் வெளுத்ததும் ஒரு சாண் தள்ளி அடுத்த இடம். கையை ஆட்டவே வேண்டாம். ஒரு டிரம்முக்குப் பதினைந்து வினாடிதான் என்பதால், எங்கே வைக்கப் போகிறோம் என்று சுவிட்ச் போடுவதற்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். முனையைப் பாதி தண்ணீரிலும் பாதி காற்றிலும் வைத்தால் டிரம் மெதுவாக நிரம்பும், கடைசிக் கூழை வழித்தெடுக்க அது நல்ல வழி. தார்ப்பாய் விரித்த குளமென்றால் உலோக முனை வேண்டாம், பிளாஸ்டிக் முனையே போதும். பாய் முனையில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சுவிட்சை அணையுங்கள்.

அடியில் ஒரு விரல் நகத்தளவு சகதி இருந்தால் இருக்கட்டும். தாமரைத் தொட்டிக்குள் இருக்கும் சேற்றைத் தொடவே வேண்டாம்.

வேக்கத்தின் பின்னால் காற்று வெளியே வருகிற வாய் ஒன்று இருக்கிறது. அதில் ஈரமும் நாற்றமும் சேர்ந்து வரும், மிதவை சரியாக வேலை செய்யாவிட்டால் சேற்றுத் தூறலே வரும். ஒரு தம்பி அதைப் பக்கத்து வீட்டுக் கொடிக்கயிற்றுப் பக்கம் திருப்பி வைத்து, காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியில் புள்ளிக்கோலம் போட்டுவிட்டான். கோலம் என்றதும் ஞாபகம் வருகிறது, மலாய்க்காரர்கள் குளத்தைக் கோலாம் என்கிறார்கள், அது நம் குளம்தான் கப்பலேறி வந்தது.

உங்கள் வேக்கம் கார் ஷாம்பு உறிஞ்சியது. மீனுக்கு ஆகுமா?

நல்ல கேள்வி, ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. சோப்பு மீனின் செவுளை அரித்துவிடும், துளி போதும். குழாய்க்குள் மிச்சம் ஒட்டியிருந்தால், நிறுத்தியதும் குழாயில் நிற்கும் தண்ணீர் திரும்பிக் குளத்துக்கே வடியும், அதோடு சோப்பும் போகும். அதனால் கொடுக்கும் முன் நான் வாளி வாளியாக வெறும் தண்ணீரை உறிஞ்ச வைத்து நுரை நிற்கும்வரை அலசித்தான் தருகிறேன். நீங்களும் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். நுரை இருந்தால் எந்திரத்துக்கும் கெடுதல், நுரை மிதவையைத் தூக்காது, நேராக மோட்டாருக்குப் போய்விடும். ஒவ்வொரு தடவை அணைப்பதற்கு முன்னும் முனையைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிட்டு அணைக்கப் பழகுங்கள், எதுவும் திரும்பி வடியாது.

எடுத்த சகதியை எங்கே கொட்டுவது?

வாழைக்கு, முருங்கைக்கு, கறிவேப்பிலைக்கு. இதைவிட நல்ல உரம் கடையில் இல்லை. குளத்தில் சமீபத்தில் உப்புப் போட்டிருந்தால் மட்டும் செடிக்கு வேண்டாம். வீட்டு முன் கால்வாயில் கொட்டாதீர்கள், சகதி அங்கே இறுகினால் தண்ணீர் தேங்கும், தெருவே உங்களைத் திட்டும். டிரம்மில் மீன்குஞ்சு வந்திருந்தால் குளத்திலேயே திருப்பி விடுங்கள், ஆற்றில் விடாதீர்கள்.

பண்டாராயா மீன் ஒன்று வாங்கி விட்டால் அதுவே சுத்தம் செய்துவிடுமாமே?

பண்டாராயா என்றால் மலாயில் மாநகரம். நகராண்மைக்கழகம் மாதிரி ஊரைக் கூட்டுமென்றுதான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. சுவரில் ஒட்டிய பாசியைச் சுரண்டும், உண்மைதான். ஆனால் சகதியைத் தின்னாது. தின்றதைவிட அதிகமாகக் கழிவு போடுகிறதோ என்று தோன்றும் அளவுக்கு நீளமான கழிவுக் கயிறு விடும். ஒரு முழம் வரைக்கும் வளரும். அலுத்துப்போய் ஆற்றில் கொண்டு விட்டவர்களால்தான் இன்று நம் ஆறுகளில் அது பெருகிக் கிடக்கிறது. வேண்டாம்.

சுவரில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஒட்டியிருக்கிறது. வேக்கத்தில் எடுக்கலாமா?

அது நத்தை முட்டை, வயல்களை நாசம் செய்கிற அந்தப் பெரிய நத்தை. தண்ணீருக்கு மேலேதான் இடும். வேக்கம் வேண்டாம், ஒரு தகட்டால் சுரண்டித் தண்ணீருக்குள் தள்ளினாலே பொரிக்காது. நத்தையைக் கையால் பொறுக்க வேண்டியதுதான். சிப்புட் என்றாலே மலாயில் நத்தை. ஊர்ப் பெயரே அதுவாக இருக்கும்போது குளத்தில் நத்தை வந்ததென்று வருத்தப்பட்டு என்ன செய்ய?

எந்த மாதத்தில் செய்வது நல்லது? எத்தனை தடவை?

பால்மரத்துக்கு (ரப்பர் மரம்) பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு மரமே சொல்லிவிடும். வருடத் தொடக்கத்தில் இலை கொட்டும், பிப்ரவரி, மார்ச்சில் துளிர்க்கும். அந்தக் காலத்தில் குளத்துக்கு மேல் வலை கட்டிவிடுங்கள். இலை கொட்டி முடிந்த பிறகு பெரிய வேலை ஒன்று, அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னால் இன்னொன்று. நடுவில் மாதம் ஒருமுறை ஹோஸ் பைப்பால் லேசாக இழுத்துவிட்டால் போதும்.

காலையில் செய்யுங்கள், ஆனால் விடிந்ததும் வேண்டாம். இரவெல்லாம் பாசி ஆக்சிஜனை இழுத்திருக்கும், விடியற்காலையில் மீனுக்கு மூச்சே முட்டும். வெயில் ஏறி ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் இடி இடிக்கத் தொடங்கினால் கையில் வயரோடு நிற்கக் கூடாது.

மீன்குளத்தால் டெங்கி வருமா?

மீன் இருக்கும் குளத்தில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு தப்பாது, மீன் தின்றுவிடும். ஆபத்து குளத்தைச் சுத்தம் செய்த பிறகு. அரை டிரம் தண்ணீரோடு விட்ட வேக்கம், கவிழ்க்காத வாளி, வளைத்துப் போட்ட ஹோஸ் பைப், மீன் எடுத்து வைத்த டப். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் இதையெல்லாம் தூக்கிப் பார்ப்பார்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் எழுதலாம்.

கொசுவுக்குப் புகை அடிக்க வந்தால் குளத்தைத் தார்ப்பாயால் மூடி, ஏர் பம்ப்பை நிறுத்துங்கள், அது புகையையும் சேர்த்துத் தண்ணீருக்குள் ஊதிவிடும். புகை கலைந்ததும் உடனே திறந்து பம்ப்பைப் போடுங்கள். அந்த மருந்து மீனுக்கு ஆகாது.

ஒன்று வாங்கிவிடட்டுமா?

கார் இருக்கிறது, வெள்ளம் புகும் வீடு, குளமும் இருக்கிறது என்றால் ஈர வேக்கம் வாங்குங்கள், இருநூறு முந்நூறு வெள்ளிக்கு நல்லதாகவே கிடைக்கும். டிரம்முக்கு அடியில் வடிகால் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் தூக்காமலே வடித்துவிடலாம், என் முதுகு சொல்கிற அறிவுரை இது. குளத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

குளத்துக்கென்றே செய்த வேக்கமும் உண்டு, ஓவாசே என்ற ஜெர்மன் கம்பெனியின் பொண்டோவேக் மாதிரி. ஒற்றை அறை உள்ளது நிரம்பியதும் நின்று, தானே வடித்துவிட்டு மறுபடி இழுக்கும். இரட்டை அறை உள்ளது ஓர் அறை வடியும்போது மறு அறையில் இழுத்துக்கொண்டே இருக்கும். தூக்கும் வேலையே இல்லை. அந்தப் பெரிய ரகங்களின் விலை ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். ஐயாயிரம் லிட்டருக்கு மேல் குளம், விலை உயர்ந்த கொய் என்றால் யோசிக்கலாம். நாலு மீனுக்கு அது யானைக்குச் செலவழித்துப் பூனையை ஊர்வலம் விடுகிற கதை.

திருப்பிக் கொடுக்கும்போது எப்படிக் கொடுக்க வேண்டும்?

சகதி போக அலசி, டிரம்மைக் கவிழ்த்துக் காய வைத்து, ஸ்பாஞ்ச் உறையைப் பிழிந்து, குழாயை நேராகத் தொங்கவிட்டு வடித்து. மூடியை மாட்டி இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் போய்விடும். போன மாதம் ஒருவர் அப்படியே மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டார், மறுநாள் ஒரு டாக்டரின் புதுக் காருக்குள் அதைப் போட்டதும் முழுக் காரும் செத்த மீன் நாற்றம். சனி, ஞாயிறு கேட்காதீர்கள், அன்று எனக்கே வேண்டும். செவ்வாய்க்கிழமை கடை காலியாக இருக்கும், வாருங்கள்.